முழுமைக் கல்வி என்று சொல்லும் கிறிஸ்தவப் பள்ளி: மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை

மகளைச் சேர்த்தபோது பள்ளிக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே லூக்கா 2:52 இருந்தது. சிறுவன் இயேசு ஞானத்திலும் வளர்த்தியிலும் தேவகிருபையிலும் மனுஷர் தயவிலும் விருத்தியடைந்தார் என்று சொல்லும் வசனம். அறிவு, உடல், ஆவிக்குரிய வாழ்க்கை, பிறரோடு பழகுவது என்று அந்த நான்கையும் வைத்துத்தான் பாடத்திட்டமே என்றார்கள். அட்மிஷன் நேரத்தில் எந்தப் பள்ளிதான் அழகாகப் பேசாது? அவள் இப்போது எட்டாம் வகுப்பு, தம்பி நான்காவது. எது நடந்தது, எது கையேட்டோடு நின்றது என்று இனிச் சொல்லலாம்.

நடந்தது, டைம்டேபிள். தலை, இதயம், கை மூன்றும் சேர்ந்து வளரவேண்டும் என்று சுவிஸ் கல்வியாளர் பெஸ்டலோட்சி (1746–1827) அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டார், யோசனை புதிதில்லை. ஆனால் மற்ற பள்ளிகளில் பரீட்சை வந்தால் விளையாட்டுப் பீரியடையும் பாட்டு வகுப்பையும் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்வார், அந்தக் கடன் திரும்பி வராது. இங்கே ஒரு தடவைகூட அப்படி நடக்கவில்லை. எனக்கு இது ஒன்றே பெரிய விஷயம்.

அடுத்தது, பருவ அறிக்கை. மார்க்கோடு ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் வகுப்பாசிரியர் ஒரு பத்தி எழுதுகிறார். மகனைப் பற்றி வந்தது இது: "தோற்றால் ஆட்டத்தை விட்டுப் போய்விடுவான். இப்போது சற்று நேரம் கழித்து அவனே வந்து சேர்ந்துகொள்கிறான். யாரும் கூப்பிட வேண்டியதில்லை." வீட்டில் இருக்கும் எங்கள் கண்ணில் படாத மாற்றம் அது. எல்லா ஆசிரியரும் இப்படி எழுதுவதில்லை. ஒரு வருடம் வந்த பத்தியில் பெயரை மாற்றினால் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும்.

பாடத்தோடு வேதத்தை இணைக்கிறோம் என்பார்கள். பாதி நேரம் வலிந்து ஒட்டவைத்ததாகத்தான் இருக்கும். நோவாவின் பேழையில் ஏறிய மிருகங்களைக் கூட்டுவதால் கூட்டல் ஒன்றும் ஆவிக்குரியதாகிவிடாது! ஆனால் ஒரு நாள் பின்னக் கணக்கில், இயேசு ஐந்து அப்பத்தால் 5000 பேரைப் பசியாற்றி பன்னிரண்டு கூடை மீதியும் வந்த வேதக் கதையை வைத்து, ஐந்து அப்பத்தை 5000 பேருக்குப் பங்கிடச் சொல்லியிருக்கிறார்கள். ஆளுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு. "அப்புறம் எப்படி மிஸ் பன்னிரண்டு கூடை மீதி வரும்? கணக்கு தப்புதானே?" என்று மகள் கேட்டிருக்கிறாள். "கணக்கு சரி. அதனால்தான் அதை அற்புதம் என்கிறோம்" என்றாராம் டீச்சர். கேள்வியை அடக்கவும் இல்லை, பிரசங்கம் பண்ணவும் இல்லை. இப்படி நாலு ஆசிரியர் இருந்தால் போதும்.

எனக்கு ஒத்துவராதது, பக்திக்குக் கிரேடு. "ஜெபத்தில் ஈடுபாடு: நன்று" என்று அறிக்கையில் ஒரு வரி. மனன வசனத்துக்கு மார்க் போடட்டும், அது ஞாபகசக்தி. ஜெபத்துக்கு எதற்கு? பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், டீச்சர் பார்க்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள். பெற்றோர் சிலர் சேர்ந்து பேசியபிறகு பெரிய வகுப்புகளில் அதை எடுத்துவிட்டார்கள். சின்ன வகுப்புகளில் இன்னும் இருக்கிறது.

சண்டை வந்தால் இருவரையும் உட்காரவைத்து, என்ன நடந்தது, யாருக்கு வலித்தது, எப்படிச் சரிசெய்யலாம் என்று கேட்கும் முறை சின்னப் பிள்ளைகளிடம் நன்றாக வேலை செய்கிறது. ஏழாம் வகுப்புக்கு வந்தால் மூன்று கேள்விக்கும் பதில் மனப்பாடம். மன்னிப்பும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த வயதுக்கு வேறு வழி வேண்டும், பள்ளியிடம் அது இல்லை.

கணக்கில் பயிற்சி குறைவு. ஆறாம் வகுப்பில் சதவீதத்துக்கு அழகான சார்ட் செய்தாள், ஆனால் தள்ளுபடிக் கணக்கு ஒன்று கொடுத்தால் திணறினாள். ப்ராஜெக்ட்டுக்குப் போன நேரத்தில் பாதி, கணக்குப் போட்டுப் பார்க்கப் போயிருக்கலாம். வாரம் ஒருமுறை சேப்பல், அதாவது பள்ளி ஆராதனை. குறையும் இல்லை, பிரமாதமும் இல்லை.

சேர்க்க நினைப்பவர்கள், பெயரை மறைத்து ஒரு பழைய அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். பரீட்சை வாரத்து டைம்டேபிளையும் கேளுங்கள். வேறு மதத்தவர் என்றால், சேப்பலில் பிள்ளை கலந்துகொண்டே ஆகவேண்டுமா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். தம்பி எட்டாவது வரை இங்கேதான். கணக்குக்கு மட்டும் சாயங்காலம் நானே அவனோடு உட்காருகிறேன்.