மிலிட்டரியிலிருந்து வந்தவருக்கு எது சரி: பி.டி. வாத்தியார் வேலையா, பாட ஆசிரியர் வேலையா?

மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் தெருவுக்கு ஒரு மிலிட்டரிக்காரர் வீடு இருக்கும். பதினேழு வருஷம் சர்வீஸ் முடித்து, முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயதில் பென்ஷனோடு வந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் அப்போதுதான் ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருக்கும். பேங்க் செக்யூரிட்டி, ஏடிஎம் காவல் என்று போகிறவர்கள்தான் அதிகம். சிலருக்கு மட்டும் பள்ளிக்கூடத்தின் மேல் ஆசை வரும். அதை வெளியே சொன்னால் ஊர் முழுக்க ஒரே பதில்: "உனக்கென்னப்பா, பி.டி. வாத்தியாராப் போயிரு."

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேர் ராணுவத்திலிருந்து வந்து இந்த வேலைக்கு முயன்றார்கள். பெரியம்மா மகன் உடற்கல்வி ஆசிரியருக்கான பி.பி.எட். படித்தார். சித்தப்பா மகன் பாட ஆசிரியருக்கான பி.எட். படித்தான். இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பள்ளிப் பாடம் ஒன்றில் பட்டம் கையில் இருந்தால், பி.எட். பக்கம்தான் போக வேண்டும்.

பி.பி.எட். ஏன் இழுக்கிறது என்பது புரியாமல் இல்லை. டிகிரி முடித்தவருக்கு இரண்டு வருஷம்; காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே கல்லூரி இருக்கிறது. உடம்பு ஏற்கெனவே தயார். ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட், எழுதத் தேவையில்லை. விடியற்காலையில் எழுந்து மைதானத்தில் நிற்பது பழகிப்போன விஷயம்.

ஆனால் இடம் எங்கே? 2017-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர்களுக்குத் தேர்வு வைத்தபோது, உடற்கல்விக்கு மாநிலம் முழுக்க அறிவித்ததே 663 இடங்கள். 2012-ல் பகுதிநேர ஆசிரியர்களாக 16,549 பேரை எடுத்தார்கள், அதில் உடற்கல்விக்காரர்களும் உண்டு. அன்று மாதம் 5,000 ரூபாய், பின்னால் 12,500 ஆனது. நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடாத வருஷம் இல்லை. சம்பளத்தையும் பாருங்கள். உடற்கல்வி ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் 20,600-ல் தொடங்குகிறது. பி.எட். முடித்துப் பாடம் நடத்தும் பட்டதாரி ஆசிரியருக்கு 36,400.

அண்ணன் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தார். காலையில் பஸ் டியூட்டி, சாயங்காலம் கேட் டியூட்டி, நடுவில் எந்த வகுப்பில் சத்தம் வந்தாலும் "மிலிட்டரி சாரைக் கூப்பிடுங்க." விளையாட்டுப் பீரியடை மற்ற பாடங்கள் தின்றுவிட்டன. என் பள்ளியில் நானும் பொதுத்தேர்வு நேரத்தில் பி.டி. பீரியடைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அது தப்பு என்று அவர் பேச்சைக் கேட்ட பிறகுதான் உறைத்தது. "பிள்ளைகளை மிரட்டத்தான் என்னைய வச்சிருக்காங்க தங்கச்சி" என்றார். பிள்ளைகளை அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. அதை நன்றாகத் தெரிந்த மனிதரை வைத்தே பிள்ளைகளுக்குப் பயம் காட்டினார்கள்.

சரி, பி.எட். பாதை எளிதா என்றால் இல்லவே இல்லை. பலபேர் வாசலிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். பத்தாவதோடு ராணுவத்தில் சேர்ந்தவர்கள் நிறைய. பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய டிகிரி தமிழக அரசு வேலைக்குச் செல்லாது. பத்தாம் வகுப்பும் 15 வருஷ சர்வீஸும் இருந்தால், மத்திய அரசின் குரூப் சி வேலைகள் சிலவற்றுக்குப் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சான்றிதழை பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு பி.எட். கல்லூரிக்கு வருகிறார்கள். அங்கே அதற்கு மதிப்பில்லை. உண்மையான டிகிரி வேண்டும், 50 சதவீதம் மார்க் வேண்டும் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு).

இன்னொன்று பாடம். யூனிட்டில் யாரோ சொன்னார்கள் என்று பொது நிர்வாகத்தில் பி.ஏ. எழுதி வைத்திருப்பார்கள். பட்டதாரி ஆசிரியர் வேலைக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் என்று வகுப்பில் நடத்தும் பாடமாக இருக்க வேண்டும். பொருளாதாரம், வணிகவியல் படித்தவர் முதுநிலையும் முடித்தால்தான் பி.எட். சேர முடியும். அப்புறம் அந்த "தபால் பி.எட்." ஆசை. அஞ்சல் வழி பி.எட். என்பது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கு உள்ளது. ராணுவத்திலிருந்து வருகிறவர் இரண்டு வருஷம் கல்லூரிக்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும். தினமும் உசிலம்பட்டியிலிருந்து மதுரை ஆரப்பாளையத்துக்கு பஸ் ஏறி, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார வேண்டும். இந்த இரண்டு வருஷத்தைத் தாங்குவதற்குத்தான் பென்ஷன் இருக்கிறது.

அதற்குப் பிறகு டெட். 2012-ல் முதல் தேர்வை ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதியதில் 2,500 பேர்கூடத் தேறவில்லை. டெட் தேறினாலும், 2018-ல் வந்த அரசாணை 149-இன்படி இன்னொரு போட்டித் தேர்வு. வயது மட்டும் இப்போது தடையில்லை: 2023-ல் நேரடி நியமன வரம்பைப் பொதுப்பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்திவிட்டார்கள்.

இவ்வளவு கஷ்டத்தையும் எழுதிவிட்டு ஏன் பி.எட்.தான் என்கிறேன்? சித்தப்பா மகன் வகுப்பு எடுத்ததை நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பி.எட். படிப்பில் மொத்தம் 20 வாரம் பள்ளியில் பயிற்சி எடுக்க வேண்டும். அவனுக்கு என் பள்ளி அமைந்தது. பட்டாலியனில் புதுப் பையன்கள் அவனை "உஸ்தாத்" (பயிற்சி கொடுப்பவர்) என்று கூப்பிட்டவர்கள். "அக்கா, துப்பாக்கியக் கழட்டி மாட்டச் சொல்லிக் கொடுத்தவன் நான், இது என்ன பெரிசு" என்று வந்தான். முதல் வாரம் அவன் குரலுக்கே ஏழாம் வகுப்பு விறைத்துப்போய் உட்கார்ந்தது. ஒரு கை உயரவில்லை, ஒரு கேள்வி வரவில்லை. தலைமையாசிரியர் பாராட்டினார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. சாயங்காலம் கூப்பிட்டு, "அவங்க உன்ன ஒரு சந்தேகம் கேக்கலைன்னா பாடம் நடக்கலைன்னு அர்த்தம்டா" என்றேன்.

இரண்டாவது வாரம் இணைகோடுகளும் குறுக்குவெட்டியும். ராணுவத்துத் திசைகாட்டி ஒன்றை டேபிளில் வைத்தான். மேப் ரீடிங்கில் ஒரு சூத்திரம் உண்டு: போகும் திசையின் கோணம் 180-க்குக் குறைவென்றால் 180-ஐக் கூட்டு, அதிகமென்றால் கழி, திரும்பி வரும் வழி கிடைக்கும். போர்டில் இரண்டு புள்ளி வைத்து, இரண்டிலிருந்தும் வடக்கு நோக்கி இணையாக இரண்டு கோடு போட்டு, புள்ளிகளைச் சேர்த்துக் கோட்டை நீட்டினான். "இந்த ரூலைப் பதினேழு வருஷம் மனப்பாடமா வச்சிருந்தேன். ஏன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டான். மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "சார், ரெண்டும் ஒத்த கோணம் சார், அதே கோடுதானே எதிர்ப்பக்கம் திரும்புது" என்றாள். சாக்பீஸை அவள் கையில் கொடுத்துவிட்டு அவன் ஒதுங்கி நின்றான்.

ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை எடுக்கும் இடைநிலை ஆசிரியர் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிளஸ் டூ முடித்தவர் இரண்டு வருஷ ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படிக்கலாம். நம் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் டி.கல்லுப்பட்டியில் இருக்கிறது. பி.எட். படித்தவர் ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு ஆசிரியராக முடியாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு இந்த டிப்ளமோவுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. ஆனால் சேரும்போதே வயது வரம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளமும் 20,600-ல்தான் தொடங்கும்.

அமெரிக்காவில் 1990-களிலிருந்தே முன்னாள் வீரர்களை ஆசிரியராக்க "ட்ரூப்ஸ் டு டீச்சர்ஸ்" என்று ஒரு திட்டம் நடத்தினார்கள். படிப்புக்கு உதவித்தொகை கொடுத்து, ஆள் பற்றாத பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். புளோரிடா 2022-ல் இன்னும் தாண்டிப் போய், 48 மாத சர்வீஸும் பாதிக் கல்லூரிப் படிப்பும் இருந்தால் ஐந்து வருஷத் தற்காலிகச் சான்றிதழ் தருவதாகச் சட்டம் போட்டது. முதலாவது இங்கே வந்தால் மனதார வரவேற்பேன். இரண்டாவது வேண்டாம். அந்த முதல் வாரத்து அமைதியை நான் பார்த்திருக்கிறேன். அதை உடைக்கத்தான் பயிற்சி தேவைப்பட்டது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு டெட் வகுப்பு, பி.எட். கட்டணத்துக்கு ஒரு உதவி, இந்த இரண்டும் கிடைத்தாலே எத்தனையோ பேர் வந்து சேருவார்கள்.

தம்பி, அதாவது சித்தப்பா மகன், பட்டதாரி ஆசிரியருக்கான டெட் இரண்டாம் தாள் தேறிவிட்டான். இப்போது பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியராக 15,000 ரூபாய்க்கு வேலை பார்த்துக்கொண்டே போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். வேலை கிடைத்துவிட்டது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை, இன்னும் இல்லை. பத்து வருஷ சர்வீஸில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பையன் போன மாதம் லீவில் வந்திருந்தான். தம்பி அவனிடம் சொன்னது ஒன்றுதான்: "யூனிஃபார்ம்ல இருக்கும்போதே டிகிரியை முடி." ரயில் ஏறும்போது அவன் பெட்டியில் பி.எஸ்சி. கணக்கு முதலாண்டுப் புத்தகங்கள் இருந்தன.