ரேம் க்ளீனர் சாஃப்ட்வேர் போடலாமா? யூஸ் பண்ணிப் பாத்த ரிவ்யூ

ரேம காலி பண்ணி கம்ப்யூட்டர வேகமாக்குறேன்னு சொல்ற சாஃப்ட்வேர் ரேம் க்ளீனர், மெமரி பூஸ்டர், ஆப்டிமைசர்னு ஆளுக்கொரு பேர்ல வருது, விண்டோஸ்ல சிலத போட்டு ஓட்டிப் பாத்துட்டேன், நேராவே சொல்லிடறேன், சாதாரண வேலைக்கு இது தேவையே இல்ல.

பட்டன அமுக்கினதும் 80%ல இருக்கற ரேம் மீட்டர் சர்ருனு பாதிக்கு இறங்கும், பாக்க நல்லாதான் இருக்கும். ஆனா உள்ள நடக்கறது என்னன்னா, ஓடிட்டிருக்கற ப்ரோக்ராம் எல்லாத்தோட வொர்க்கிங் செட்டையும் (அது ரேம்ல இப்போ பிடிச்சு வச்சிருக்கற பகுதி) காலி பண்ணுன்னு விண்டோஸ்கிட்ட சொல்லுது, அதுக்கான ஃபங்ஷன் விண்டோஸ்லயே இருக்கு, இவங்க புதுசா எதுவும் செய்யல. வெளிய தள்ளின டேட்டால கொஞ்சம் ஸ்டாண்ட்பை லிஸ்ட்ல (ரேம்லயே இருக்கும், வேற யாருக்காவது வேணும்னா விட்டுக்குடுக்கற பகுதி) நிக்கும், கொஞ்சம் பேஜ் ஃபைல்னு டிஸ்க்குக்கே போயிடும். அடுத்த நிமிஷம் ப்ரவுசர்ல பழைய டேப தொட்டீங்கன்னா அதெல்லாம் திரும்பி வரணும். ரேம்ல இருந்து எடுக்கறது நானோசெகண்ட் கணக்கு, ஹார்ட் டிஸ்க்னா மில்லிசெகண்ட் கணக்கு, அதான் க்ளீன் பண்ண உடனே சிஸ்டம் திக்குது. எஸ்எஸ்டில அவ்ளோ தெரியாது, ஆனா லாபமும் கிடையாது.

ரேம் நிறைஞ்சிருக்குன்னு பயப்படறதே தப்புங்க. 2007ல விஸ்டா வந்தப்பவே சூப்பர்ஃபெட்ச்னு ஒண்ணு வந்துச்சு, அடிக்கடி திறக்கறத சும்மா கிடக்கற ரேம்ல முன்னாடியே ஏத்தி வச்சிடும், வேற ப்ரோக்ராமுக்கு இடம் வேணும்னா உடனே விட்டும் குடுத்துடும். டாஸ்க் மேனேஜர்ல அவைலபிள்னு காட்டறதுல இந்த இடமும் சேர்த்திதான், அந்த நம்பர மட்டும் பாருங்க. விண்டோஸ் 10ல இருந்து மெமரி கம்ப்ரெஷன், அதாவது ரேம்ல இருக்கறத சுருக்கி வைக்கற வசதி, வேற இருக்கு.

மெமரி லீக், அதாவது ஒரு ப்ரோக்ராம் எடுத்த ரேம திருப்பிக் குடுக்காம பிடிச்சுக்கிட்டே போறது, இருந்தா? அந்த ப்ரோக்ராம மூடித் திறக்கறதுதான் வழி, க்ளீனர் லீக்க அடைக்காது. சில கேமர்ஸ் ஸ்டாண்ட்பை லிஸ்ட்ட காலி பண்ணா ஸ்டட்டர் (கேம் திக்கித் திக்கி ஓடறது) குறையுதுன்னு சொல்றாங்க, அதுக்கு மைக்ரோசாஃப்ட்டோட ஃப்ரீ டூல் ரேம்மேப் போதும், அதுல எந்த ஃபைல் எவ்ளோ ரேம் பிடிச்சிருக்குன்னு வரைக்கும் பாக்கலாம், எனக்கு ரொம்ப பிடிச்ச டூல்.

காசு குடுத்து ப்ரோ வெர்ஷன் மட்டும் வாங்காதீங்க ப்ளீஸ், அந்த காசுல ரேம் ஏத்துங்க, 4 ஜிபில திணறுற மெஷின் 8 ஆக்கினா ஆளே மாறிடும். அதுக்கு முன்னாடி கண்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அமுக்கி டாஸ்க் மேனேஜர திறந்து, ஸ்டார்ட்டப்ல தேவையில்லாதத டிசேபிள் பண்ணிப் பாருங்க. லேப்டாப்னா ரேம் போட ஸ்லாட் இருக்கான்னு செக் பண்ணிக்கோங்க, போர்டோட சோல்டர் பண்ணிருந்தா ஏத்த முடியாது.