செம்பனை முள் குத்தினால் எந்த ஊசி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) வேலைக்குப் போகிறவர்களுக்கு முள் குத்துவது அன்றாடம். ஆனால் மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் பல ஆண்டுகள் சாகாமல் கிடக்கும். ஆழமாகப் பாயும் முள் அவற்றைக் காற்றுப் புகாத இடத்துக்குக் கொண்டுபோய்விடும். அங்கே முளைத்து நஞ்சு கக்கும். தாடை இறுகும், முதுகு வில்லாய் வளையும்.

இதற்கு கிளினிக்கில் இரண்டு ஊசிகள் உண்டு. ஒன்று டாக்ஸாய்டு, நாம் வழக்கமாகப் போடும் தடுப்பூசி. ஃபார்மலினால் கொடுமை நீக்கிய அதே நஞ்சுதான் அதில் இருக்கிறது. தசையில் இறங்கியதும் காவல் செல்கள் அதை விழுங்கித் துண்டாக்கி, நிணநீர் முடிச்சில் டி செல்கள் என்ற வெள்ளையணுக்களிடம் காட்டும். அந்த நஞ்சுக்குப் பொருந்தும் பி செல்கள் (இன்னொரு வகை வெள்ளையணு) டி செல்களின் துணையோடு பெருகி, நஞ்சைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள் சுரக்கும். சில பி செல்கள் நினைவு செல்களாகத் தங்கிவிடும். குறை, தாமதம். முன்பு போடாதவருக்கு முதல் ஊசி மட்டும் போதாது. கிருமியோ பெரும்பாலும் 3 முதல் 21 நாளுக்குள் வேலையைக் காட்டிவிடும்.

மற்றது இம்யூனோகுளோபுலின்: வேறு மனிதர்களின் இரத்தத்திலிருந்து பிரித்த ஆயத்த எதிர்ப்பொருள். 1890-இல் பேரிங், கிட்டசாட்டோ என்ற ஆய்வாளர்கள், டெட்டனஸ் எதிர்ப்பு பெற்ற முயலின் சீரத்தை (இரத்தத்தின் தெளிந்த நீரை) எலிக்குச் செலுத்தி நிரூபித்த வழி இது. வழக்கமான அளவு 250 அலகு. தாமதமின்றி வேலை செய்யும், ஆனால் கைமாற்றாக வாங்கிய பணம் போலச் சில வாரங்களில் தீர்ந்துவிடும். உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. நரம்பில் ஏற்கெனவே ஒட்டிய நஞ்சையும் அதனால் பிடுங்க முடியாது.

"அடிக்கடி குத்தினால் உடம்பே பழகிக்கொள்ளும்" என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. அம்மைக்கு அது பொருந்தும், இதற்குப் பொருந்தாது. ஆளைக் கொல்லப் போதுமான நஞ்சுகூட எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பப் போதாது. அதனால் டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி வேண்டும்.

நான் டாக்ஸாய்டின் பக்கம். மூன்று தவணை முடித்தவருக்கு அழுக்குக் காயம் பட்டு, கடைசி ஊசிக்கு ஐந்தாண்டு கடந்திருந்தால் அது ஒன்றே போதும். மூன்றுக்குக் குறைவாகப் போட்டவருக்கும், நினைவில்லாதவருக்கும் அழுக்குக் காயத்துக்கு இரண்டும் தேவை, வெவ்வேறு இடத்தில். பிள்ளைகளுக்குப் படிவம் மூன்றில் பள்ளியிலேயே போடுகிறார்கள். தோட்டத்தில் வயதான அப்பா, அம்மா இருந்தால் அவர்கள் எத்தனை தவணை போட்டார்கள் என்று இப்போதே கேளுங்கள். தெரியாது என்றால், முள் குத்தும்வரை காத்திராமல் கிளினிக்குக் கூட்டிப்போங்கள்.