பழைய டெல்டா யூனிசா மேசை ரம்பம்: வீட்டுப் பட்டறையில் புதுப்பிக்கத் தகுந்ததா?

அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் 1939-இல் அறிமுகப்படுத்திய யூனிசா என்னும் 10 அங்குல மேசை ரம்பம், பழைய கனரக இயந்திரங்களைப் புதுப்பிக்க விரும்புவோர் துணிந்து வாங்கத் தக்கது. மோட்டாரையும் பிளேடைச் சாய்க்கும் அமைப்பையும் வார்ப்பிரும்பு மேசையின் கீழ் ஒரே கூட்டுக்குள் அடக்கியிருப்பதால் இடம் மிச்சமாகிறது. எடையைத் தூக்கத்தான் இரண்டாம் ஆள் வேண்டும். மேசையின் மேல்துரு மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் கொண்டு தேய்த்தால் நீங்கிவிடும். பேரிங்குகள் நன்றாகச் சுழல்வதுபோல் தோன்றினாலும் அவற்றை மாற்றிவிடுவதே அறிவுடைமை. மோட்டாரின் சுழற்சியைப் பிளேடுக்குக் கடத்தும் மூன்று வி-பெல்ட்டுகளையும் ஒரே நீளமுள்ள தொகுப்பாக வாங்காவிட்டால் அதிர்வு தீராது. மும்முனை மோட்டார் பொருத்திய இயந்திரம் மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் வீட்டின் ஒருமுனை இணைப்பில் அதை ஓட்ட, ஒருமுனை மின்சாரத்தை மும்முனையாக மாற்றித் தரும் விஎஃப்டி என்னும் கருவி தேவைப்படும் என்பதால் அச்செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். வெட்டின் நேர்த்தியில் குறையில்லை. எனினும், பலகை வேலை செய்பவரை நோக்கி எறியப்படாமல் காக்கும், பிளேடின் பின்னால் நின்று அதனோடு ஏறியிறங்கும் தடுப்புத் தகடு பழைய மாதிரிகளில் இல்லாததால், மரவேலைக்கே புதியவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.