ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ் எக்ஸாமுக்கு ஃபெட் சிமுலேஷன்: என் ரிவ்யூ

ஃபெட் (PhET)னா ஃபிசிக்ஸ் சோதனைகள ஸ்க்ரீன்லயே செஞ்சு பாக்குற சைட், அமெரிக்காவுல கொலராடோ யுனிவர்சிட்டி நடத்துது, 2001ல நோபல் வாங்கின கார்ல் வீமன் 2002ல ஆரம்பிச்சது. காசு கிடையாது, லாகின் கூட வேணாம், டவுன்லோட் பண்ணி வச்சுட்டா நெட் இல்லாமலும் ஓடும்.

இதுல ப்ரொஜெக்டைல் மோஷன் (எறிஞ்ச பொருள் எப்படி போய் விழுதுன்னு காட்டுற சிமுலேஷன்) தான் எனக்கு ரொம்ப புடிச்சது. பீரங்கி உயரத்த ஜீரோல வச்சு, வேகத்த மாத்தாம 30 டிகிரில ஒரு தடவ 60 டிகிரில ஒரு தடவ சுட்டு பாருங்க, ரெண்டும் ஒரே இடத்துல தான் வந்து விழும், ஆனா 60 டிகிரி குண்டு அதிக நேரம் காத்துல இருக்கும், ரேஞ்ச் ஃபார்முலாவுல, அதாவது குண்டு எவ்ளோ தூரம் போகும்னு சொல்ற ஃபார்முலாவுல, சைன் 2 தீட்டா ஏன் வருதுன்னு அப்பவே புரிஞ்சிடும். பீரங்கிய கொஞ்சம் மேல தூக்குனா அந்த கணக்கு ஒத்து வராது. பரீட்சைல மாடிலேர்ந்து கல்ல எறியுற மாதிரி கேட்டா நிறைய பேர் கண்ண மூடிட்டு அதே ரேஞ்ச் ஃபார்முலாவ போட்டு மார்க்க விட்டுடுறாங்க, அதுக்காகவே இத ஒருவாட்டி பாத்துடுங்க ப்ளீஸ்.

சர்க்யூட் கிட்டும் சூப்பர், பேட்டரியோட உள் ரெசிஸ்டன்ஸ கூட்டிக் கூட்டி வோல்ட்மீட்டர் ரீடிங் இறங்குறத பாக்கலாம். ஸ்கேட் பார்க் சிமுலேஷன் எனர்ஜி கன்சர்வேஷனுக்கு நல்லது.

குறைன்னா, செமஸ்டர் பேப்பர்ல வர்ற மாதிரி பெரிய கணக்கு இதுல கிடையாது, ஃப்ரீ பாடி டயக்ராம் (ஒரு பொருள் மேல இருக்குற விசைகள காட்டுற படம்) வரையற பழக்கம் பேனாவும் பேப்பரும் வச்சு உக்காந்தா தான் வரும். அதனால முதல்ல விடைய கைல போட்டுட்டு அப்புறம் சிமுலேஷன்ல செக் பண்ணுங்க. சின்ன போன்ல ஸ்லைடர் நகத்துறது கஷ்டம், லேப்டாப் பெட்டர். அஞ்சுக்கு நாலரை ஸ்டார்.