திருகோணமலையில் 48 மணிநேர ஹோல்டர் பரிசோதனை: எங்கள் அனுபவம்

தம்பிக்கு இருபது வயதிலிருந்து வலிப்பு. கை கால் அடித்து விழுகிற வகை இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு நிற்கும், வாய் எதையோ மெல்லும், வலது கை சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருக்கும், ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். போன வருடத்திலிருந்து புதிதாக ஒன்று: பொத்தானைத் தடவுகிற கை பொத்தென்று விழும், முகம் வெளிறும், ஆள் சரிந்துவிடுவான். இரண்டு தரம் தலையில் தையல். வலிப்புக் கூடிவிட்டது என்றுதான் நினைத்தோம். கிளினிக்கில் டொக்டர் அம்மாவிடம் கேட்டது ஒன்றுதான்: "விழும்போது விறைக்கிறாரா, துவளுகிறாரா?" துவளுகிறான் என்றதும் ஹோல்டர் (நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டி, இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிகிற சின்ன மெஷின்) போட எழுதிவிட்டார்.

டவுனில் ஒரு தனியார் இடத்தில் போட்டோம். மிஸ் நெஞ்சு மயிரை வழித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காயும்வரை பொறுத்து ஒட்டினார். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதம், வியர்வைக்கு எதுவும் நிற்காது என்று தெரிந்து இரண்டு ஸ்டிக்கர் கூடத் தந்து, கழன்றால் ஒட்டவேண்டிய இடங்களைப் பேனையால் தோலில் வட்டமும் போட்டுவிட்டார். முதல் இரவே ஒன்று கழன்றது, வட்டத்தைப் பார்த்து நாங்களே ஒட்டினோம். இந்தக் கவனத்துக்கே முழுப் புள்ளி கொடுக்கலாம்.

குறை இரண்டு. வலிப்பு வந்தால் அமத்தச் சொன்ன பட்டனைத் தம்பிக்கு மட்டும் காட்டினார்கள், அந்த நேரத்தில் அவனுக்கு நினைவே இருக்காதே! நல்லவேளை அம்மா எட்டிப் பார்த்து வைத்திருந்தார். மற்றது மெஷினின் மணிக்கூடு 12 நிமிடம் பின்னால் ஓடியது. இரண்டாம் நாள் பகல் 2.40க்குக் கதிரையில் வலிப்பு வந்தது என்று அம்மா கொப்பியில் எழுதியிருக்கிறார், ரிப்போர்ட்டில் இதயம் நின்றது 2.28க்கு. பட்டன் அமத்திய அடையாளம் அதே இடத்தில் இருந்தபடியால்தான் இரண்டும் ஒன்று என்று டொக்டர் பிடித்தார்.

இதயம் முதலில் வேகமாக அடித்து, பிறகு மெதுவாகி, 11 நொடி நின்றிருக்கிறது. வலிப்பில் இதயம் வேகமாக அடிப்பது சாதாரணம், அதற்குப் பெரும்பாலும் தனி வைத்தியம் தேவையில்லை. நிற்பது அரிது. கட்டுப்படாத வலிப்புக்காக வீடியோ ஈஈஜியில் (ஆளை வீடியோ எடுத்துக்கொண்டே மூளையின் மின்னலைகளைப் பதிகிற பரிசோதனை) வைத்துப் பார்த்தவர்களிலேயே ஆயிரத்தில் மூன்று பேர் அளவில்தான். பெரும்பாலும் கன்னப்பொட்டுப் பக்க மூளையில் தொடங்குகிற வலிப்பில் வருவது, தானாகவே திரும்ப அடிக்கத் தொடங்கிவிடும், ஆனால் அந்த இடைவெளியில் மூளைக்கு இரத்தம் போகாமல் ஆள் துவண்டு விழுகிறார்.

பிறகு இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், ஈசிஜியோடு சேர்த்த வீடியோ ஈஈஜி எடுத்து உறுதி செய்தோம். தம்பி வலிப்புக்குக் குடித்துவந்த கார்பமசெபின் குளிசை இதயத்தின் மின்கடத்தலையும் மந்தமாக்கக்கூடியது என்று அதைப் படிப்படியாகக் குறைத்து வேறு குளிசை தந்தார்கள் (தயவு செய்து யாரும் தாங்களாக நிறுத்த வேண்டாம், வலிப்பு மோசமாகிவிடும்). அப்புறம் பேஸ்மேக்கர் (இதயம் நிற்கப் போனால் அடிக்கவைக்க உடம்புக்குள் வைக்கிற சின்ன மெஷின்). அது வலிப்பை நிறுத்தாது, விழுவதைத்தான் தடுக்கும். ஆறு மாதத்தில் இரண்டு தரம் வந்தது, இரண்டு தரமும் பொத்தானைத் தடவியபடியே கதிரையில் இருந்தான்.

போகிறவர்கள் முன்பொத்தான் சட்டையோடு போங்கள், மணிக்கூட்டை உங்கள் கண்முன் சரிபார்க்கச் சொல்லுங்கள், பட்டனை வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். 48 மணிநேரத்தில் வலிப்பே வராமல் ரிப்போர்ட் சுத்தமாக வந்தால் அதை வைத்து விட்டுவிடாதீர்கள், எல்லா வலிப்பிலும் இதயம் நிற்பதில்லை, திரும்பப் போடக் கேளுங்கள். காசு கொஞ்சம் கூடத்தான், முதலே சொல்லிவிடுகிறார்கள். 5க்கு 4.