"வைத்தியத்துக்குப் போனால் இந்தியாவுக்கு வீசா தேவையில்லை" என்று சொல்லும் முகவர்கள் பற்றி

யாழ்ப்பாணம், வவுனியா, மன்னார் பக்கம் இருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ மதுரைக்கோ வைத்தியத்துக்குப் போக யோசிப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டில் வீசா இல்லாமல் இந்தியாவுக்குள் போக முடியாது. கோயிலுக்குப் போனாலும் சரி, கலியாணத்துக்குப் போனாலும் சரி, சத்திரசிகிச்சைக்குப் போனாலும் சரி, வீசா வேண்டும். "நோயாளர்களுக்கு மட்டும் இப்ப வீசா இல்லை" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள்.

எங்களுக்கு இதைச் சொன்னவர் யாழ்ப்பாணத்தில் அலுவலகம் போட்டிருக்கும் ஒரு மருத்துவப் பயண முகவர். அம்மாவுக்கு முள்ளந்தண்டில் நரம்பு நசிந்து, இடது கால் மரத்துப்போய், வீட்டுக்குள் நடப்பதற்கே சுவரைப் பிடிக்க வேண்டிய நிலை. அரச வைத்தியசாலையில் திகதிக்குக் காத்திருக்க வேண்டும். கொழும்பில் தனியாரிடம் கேட்ட தொகைக்குச் சென்னையில் தங்குமிடச் செலவும் சேர்த்து முடித்துவிடலாம் என்று கனடாவில் இருக்கும் தம்பி கணக்குப் போட்டான். யாரோ இந்த முகவரின் இலக்கத்தைக் கொடுத்தார்கள்.

மனிதர் பேச்சில் தேன். "அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. அம்மாவைக் கூட்டிக்கொண்டு பிளேனில ஏறுறது மட்டும்தான் உங்கட வேலை. மிச்சமெல்லாம் நாங்கள் பாப்பம்" என்றார். வீசா பற்றிக் கேட்டதற்குத் தன் தொலைபேசியில் ஒரு செய்தியைக் காட்டினார். மருத்துவத்துக்கு வருபவர்களுக்கு இந்தியாவில் 90 நாட்கள் வீசா இல்லாத அனுமதி என்று அதில் இருந்தது. "முந்தின மாதிரி இல்லை அக்கா, இப்ப மெடிக்கல் என்ட்ரி வந்திட்டுது. நான் ஒரு அனுமதிக் கடிதம் மட்டும் எடுத்துத் தருவன்." வைத்தியசாலைக் கடிதம், அந்த அனுமதி, எனக்கும் அம்மாவுக்கும் தங்குமிடம், விமான நிலையத்தில் வாகனம் எல்லாம் சேர்த்து 1,65,000 ரூபா. விமானச்சீட்டு தனி.

அவர் காட்டிய செய்தி பொய்யில்லை. ஆனால் அது மாலைதீவுக்காரர்களுக்கானது. 2018 டிசம்பரில் இந்தியாவும் மாலைதீவும் ஓர் ஒப்பந்தம் செய்தன, 2019 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி மாலைதீவுக் குடிமக்கள் சுற்றுலா, வியாபாரம், கல்வி, மருத்துவம் ஆகியவற்றுக்கு இந்தியாவில் 90 நாட்கள் வரை வீசா இல்லாமல் தங்கலாம். நேபாளம், பூட்டான் நாட்டவருக்கும் வீசா தேவையில்லை, அது பழைய ஏற்பாடு. இலங்கை இந்த வரிசையில் இல்லை. எங்களுக்கு இருப்பது 2015 ஏப்ரலில் தொடங்கிய இணையவழி வீசா, அதாவது மின்வீசா. அது வசதிதான், வீட்டிலிருந்தே எடுக்கலாம். அதற்காக வீசாவே வேண்டாம் என்று ஆகிவிடாது. முகவர் செய்தியின் தலைப்பு தெரியும் அளவுக்கு மட்டும் திரையை நகர்த்திக் காட்டினார். நாட்டின் பெயர் கீழே இருந்தது.

சில நாட்களில் வட்ஸ்அப்பில் இரண்டு கோப்புகள் வந்தன. ஒன்று "அனுமதி". அது உண்மையில் இந்திய அரசின் மின்வீசாப் பத்திரம். வகை என்ற இடத்தில் ஆங்கிலத்தில் சுற்றுலா என்று போட்டிருந்தது. கேட்டால், "சிஸ்டத்தில எல்லாருக்கும் அப்பிடித்தான் அக்கா விழும். ஹொஸ்பிட்டல் கடிதத்தோட சேத்துப் பாத்தா அது மெடிக்கல்" என்றார். மற்றது அந்த வைத்தியசாலைக் கடிதம். சென்னையில் பெயருள்ள ஒரு தனியார் வைத்தியசாலையின் முத்திரை மேலே மங்கலாக, எங்கேயோ இருந்து வெட்டி ஒட்டியது போல இருந்தது. நோயாளர் பதிவிலக்கம் இல்லை. தொடர்புக்கு ஒரு ஜிமெயில் முகவரி. தொலைபேசி இலக்கம் இந்தியாவின் 91இல் தொடங்கினாலும், அதை வட்ஸ்அப்பில் போட்டுப் பார்த்தபோது வந்த படம் எங்கள் முகவரின் அலுவலகப் பலகை!

இதைச் சொன்னபோது அவருக்குக் கொஞ்சமும் குரல் மாறவில்லை. "அது எங்கட சென்னைக் கிளை அக்கா." அதற்குள் விமானச்சீட்டும் எடுத்தாயிற்று, காசும் முழுதாகக் கட்டியாயிற்று.

புறப்படுவதற்கு முதல் நாள் அவர் தந்த அறிவுரைதான் எல்லாவற்றையும் விட மோசம். எம்.ஆர்.ஐ. படங்கள் இருக்கும் அந்தப் பெரிய உறையைக் கையில் கொண்டுபோக வேண்டாமாம், பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் வைக்க வேண்டுமாம். சென்னையில் கேட்டால் காஞ்சிபுரம், திருப்பதி பார்க்க வந்தோம் என்று சொல்ல வேண்டுமாம். வீசா வகை சரியென்றால் ஏன் ஐயா என் அம்மா குடிவரவு அதிகாரியிடம் பொய் சொல்ல வேண்டும்? இப்படி ஒரு முகவர் சொல்லிக்கொடுத்தால் அவர் எடுத்துத் தந்திருப்பது தவறான வீசா என்று அவருக்கே தெரியும் என்று அர்த்தம். பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவது நோயாளிதான், முகவர் இல்லை.

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் இருந்து போகும் விமானம் சின்னது, இறக்கைகளில் விசிறி சுழல்வது. படி ஏறுவதற்குள் அம்மாவுக்கு வியர்த்துவிட்டது. சென்னையில் குடிவரவு மேசையில் இருந்த இளைஞர் அம்மாவின் கைத்தடியைப் பார்த்தார், கடவுச்சீட்டைப் பார்த்தார், "என்ன விஷயமா வந்திருக்கீங்கம்மா?" என்றார். அம்மா வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூட ஆசிரியை. "முதுகில ஒப்பரேசன் செய்ய வந்தனான் தம்பி" என்று அப்படியே சொல்லிவிட்டார். திருப்பதி அங்கேயே முடிந்தது.

அந்த அதிகாரி நல்லவர் என்றுதான் சொல்ல வேண்டும். எங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்து, "டாக்டரைப் பாருங்க, ஆலோசனை வாங்குங்க. ஆனா முன்கூட்டியே திட்டமிட்ட ஆபரேஷனுக்கு இந்த விசா இல்ல, அடுத்த தடவை மெடிக்கல் விசாவில வாங்க" என்று சொல்லி உள்ளே விட்டார். எல்லாருக்கும் அப்படி ஓர் அதிகாரி வாய்ப்பார் என்று நம்பிப் போகாதீர்கள்.

அடுத்தது வைத்தியசாலை. வெளிநாட்டு நோயாளர் பிரிவில் இருந்த பெண் எங்கள் கடிதத்தை வாங்கி ஒரு முறை பார்த்தார். மேசைக்கு அடியில் இருந்து தங்கள் உண்மையான கடிதத்தின் மாதிரி ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். வேறு ஒன்றும் பேசவில்லை, பேசவும் தேவையிருக்கவில்லை. அவர்களுடைய கடிதத்தில் பதிவிலக்கம், வைத்தியரின் பெயர், என்ன சிகிச்சை, எத்தனை நாள் தங்க வேண்டும், எத்தனை பேர் துணைக்கு என்று எல்லாம் அச்சாகியிருந்தது. "மேடம், இத நாங்க காசு வாங்காமத்தான் கொடுக்கிறோம், ரிப்போர்ட்டை மெயில் பண்ணினா போதும்" என்றார். பிறகு செலவுக் கணக்கு. முகவர் சொன்னது 6 இலட்சம் இந்திய ரூபா, அவர்கள் கணினியில் எடுத்துத் தந்தது 4 இலட்சத்து 20 ஆயிரம். நடுவில் நின்ற தொகை எங்கே போகவிருந்தது என்று நான் விளக்கத் தேவையில்லை.

சுற்றுலா வீசாவில் சத்திரசிகிச்சைக்கு அனுமதிக்க முடியாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். இந்தியாவுக்குள் இருந்துகொண்டு மின்வீசாவுக்கு விண்ணப்பிக்கவும் முடியாது, அதை வெளியில் இருந்துதான் செய்ய வேண்டும். வந்த இடத்தில் எதிர்பாராமல் நோய் வந்தால் அதற்கு வேறு வழி உண்டு. எங்களுடையது அப்படியில்லையே. வைத்தியரைப் பார்த்து, புதிதாக ஸ்கான் எடுத்து, அதே கைத்தடியோடு அதே சின்ன விமானத்தில் திரும்பி வந்தோம்.

அப்புறம் நாங்களே விண்ணப்பித்தோம். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இந்திய அரசின் மின்வீசா இணையத்தளத்தின் முகவரி gov.in என்பதற்கான எழுத்துகளில், அதாவது ஜிஓவி, புள்ளி, ஐஎன் என்று முடியும். அதே நிறத்தில், அதே சின்னத்தோடு, வேறு முடிவோடு இருக்கும் தளங்கள் நிறைய. அவை தங்கள் "சேவைக் கட்டணம்" சேர்த்து அறவிடும் கடைகள். உண்மையான தளத்தில் மருத்துவ வீசா தனி வகையாக இருக்கிறது. அதற்கு வேண்டியவை கடவுச்சீட்டின் முகப்புப் பக்கம், சதுரமாக வெட்டிய படம், வைத்தியசாலையின் தலைப்புத்தாளில் வந்த கடிதம். கடவுச்சீட்டு 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும், முத்திரை குத்த 2 வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும். துணைக்குப் போகிறவருக்கு அதிலேயே உதவியாளர் வகை உண்டு. ஒரு நோயாளியோடு 2 பேர் வரை, நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். நோயாளியின் விண்ணப்பத்தை முதலில் போடுங்கள், ஏனென்றால் துணைக்குப் போகிறவரின் படிவத்தில் நோயாளியின் விவரம் கேட்கிறது. பயணத்துக்குக் குறைந்தது 4 நாளுக்கு முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். வீசா வந்தால் சென்னையில் இறங்கிய நாளில் இருந்து 60 நாட்கள், அதற்குள் 3 முறை போய் வரலாம். கட்டணம் நாட்டுக்கு நாடு வேறுபடும், அந்தத் தளத்திலேயே பட்டியல் இருக்கிறது. வீசா மறுக்கப்பட்டாலும் காசு திரும்பி வராது, ஆகவே பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துப் பார்த்துப் போடுங்கள். எங்கள் முகவர் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தார், அது நல்ல காலம் யார் கண்ணிலும் படவில்லை.

புற்றுநோய் போன்று மாதக்கணக்கில் நீளும் சிகிச்சைக்கு 60 நாள் போதாது. அவர்கள் மின்வீசாவை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்திலோ கொழும்பு உயர்ஸ்தானிகராலயத்திலோ கடவுச்சீட்டில் ஒட்டும் மருத்துவ வீசா பற்றிக் கேளுங்கள். சிறுநீரகம் மாதிரி உறுப்பு மாற்றுச் சிகிச்சை என்றால் மருத்துவ வீசாவைத் தவிர வேறு எதையும் நினைக்கவே வேண்டாம். உறுப்பைக் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் உள்ள உறவை இந்தியாவில் உள்ள இலங்கைத் தூதரகமே உறுதிப்படுத்திக் கடிதம் தர வேண்டும், அதற்குப் பிறகு சிகிச்சைக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழு இருக்கிறது. "எல்லாம் உள்ளுக்குப் போய்ப் பாப்பம்" என்று ஒரு முகவர் இதில் சொன்னால் அது வெறும் காசுப் பிரச்சினையோடு நிற்காது.

உண்மையில் வீசா இல்லாமல் போகக்கூடிய இடம் வேண்டும் என்றால் இலங்கையருக்குச் சிங்கப்பூர் இருக்கிறது. குறுகிய காலப் பயணத்துக்கு வீசா தேவையில்லை, வருகை அட்டையைப் போய்ச் சேருவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் இலவசமாக நிரப்பினால் போதும். ஆனால் அங்கே வைத்தியச் செலவைக் கேட்டுவிட்டுத் தம்பி இரண்டு நாள் பேசவில்லை.

காசுக்கு வருவோம். திரும்பி வந்து கேட்டபோது முகவர் சொன்னது: "வீசா எடுத்துத் தாறன் எண்டன், தந்திட்டன். உள்ளுக்கு விட்டவங்கள்தானே?" பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தால் அதில் "பயண ஏற்பாட்டுச் சேவை" என்று மட்டும் இருந்தது. மருத்துவம், வீசா வகை, வைத்தியசாலை எதுவும் இல்லை. எங்களைக் காப்பாற்றியது வட்ஸ்அப் உரையாடல். "மெடிக்கல் என்ட்ரி" என்று அவர் அனுப்பிய குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்தோம். பேச்சில் எது உறுதியளித்தாலும் அதை ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள், எழுதத் தயங்கினால் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு பதிந்தோம். போலிக் கடிதத்துக்காகப் பொலிஸிலும் கொடுத்திருக்கிறோம். அந்தக் கடிதத்தின் பிரதியைச் சென்னை வைத்தியசாலை கேட்டு வாங்கி வைத்திருக்கிறது. பொலிஸ் என்றதும் பாதித் தொகையை இரண்டு தவணையில் தருவதாக முகவர் ஒப்புக்கொண்டார். முதல் தவணை வந்தது, இரண்டாவது இன்னும் வரவில்லை. அலுவலகப் பலகையில் இப்போது வேறு பெயர் இருக்கிறது, உள்ளே இருப்பவர் அதே ஆள்.

அம்மாவுக்கு மருத்துவ வீசாவில் போய்ச் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது, சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார். விசாரணை நடப்பதால் முகவரின் பெயரை இங்கே எழுதவில்லை. யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது இப்படி ஒரு கடிதம் வாங்கி வைத்திருப்பவர்கள், அதில் உள்ள இலக்கத்துக்கு அழைக்காமல், வைத்தியசாலையின் சொந்த இணையத்தளத்தில் இருக்கும் வெளிநாட்டு நோயாளர் பிரிவின் மின்னஞ்சலுக்குக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பிக் கேளுங்கள். எங்களுக்கு மறுநாளே பதில் வந்தது. போலி என்று தெரிந்தால் விமானச்சீட்டு எடுக்க முதல் பொலிஸுக்குப் போங்கள், அந்த மின்னஞ்சல் பதிலையும் அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.